செஞ்சிக்குச் சென்ற வழிகள்: பெருவழி முதல் கணினி வரைபடம் வரை

பழைய தென்னார்க்காட்டின் சமவெளி மேற்கே சவ்வாது மலைத்தொடரையும் செங்கம் கணவாயையும் நெருங்குமுன், வட்டப்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த குன்றுகளின் நடுவே செஞ்சி அமைந்திருக்கிறது. கிழக்கே 28 கிலோமீட்டரில் திண்டிவனமும், மேற்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் திருவண்ணாமலையும் விழுப்புரமும் இருக்கின்றன. வடக்கே சேத்துப்பட்டு, ஆரணி வழியாக ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் சாலை போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீள மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டைதான் ஊருக்குப் பெயர் தேடித்தந்தது என்றாலும், அந்தக் கோட்டையை அந்த இடத்தில் கட்டத் தூண்டியவை நான்கு திசைகளிலிருந்தும் வந்து கூடிய வழிகளே. கடற்கரைத் துறைகளிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கும், பாலாற்றுப் படுகையிலிருந்து பெண்ணையாற்றுப் படுகைக்கும் செல்ல வேண்டியவர் கடந்தாக வேண்டிய நிலப்பரப்பு இது. ஆகவே செஞ்சியின் வரலாறு ஆட்சியாளர் பெயர்களின் வரிசையாக இருக்கும் அளவுக்குப் போக்குவரத்தின் வரலாறாகவும் இருக்கிறது.

அந்த வழிகளை ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காக அளந்தும் வரைந்தும் வந்திருக்கின்றனர். படைத்தலைவருக்கு முற்றுகைத் திட்டமும், கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வரி நிலத்தின் எல்லையும், ரயில்வே பொறியாளருக்கு மட்டச் சரிவும், இன்றைய ஆய்வு மாணவருக்குப் போக்குவரத்து மாதிரியும் தேவைப்பட்டன. இவை அனைத்தையும் ஒரே திரையில் அடுக்கிப் பார்க்க உதவும் கருவி புவியியல் தகவல் அமைப்பு. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்னும் இடக்குறிப்பையும் அது என்ன என்னும் விவரத்தையும் இணைத்துச் சேமித்து, சாலை, ஆறு, ஊர், எல்லை எனத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட இடமளிக்கும் கணினி முறை இது. ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்கப்படும் இம்முறையைச் செஞ்சிப் பகுதியில் கையாளும்போது, ஒவ்வொரு அடுக்கும் தன்னை உருவாக்கியவரின் தேவையைச் சுமந்தே வருகிறது என்ற உண்மை மற்ற ஊர்களைவிடத் தெளிவாகப் புலப்படுகிறது.

பெருவழிகளும் வாயில்களும்

தமிழகக் கல்வெட்டுகளில் பெருவழி என்று குறிக்கப்படும் நெடுந்தொலைவுச் சாலைகள் சில தம் பெயராலேயே அறியப்படுகின்றன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களும், பாலைக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்ற ராஜகேசரிப் பெருவழியின் கல்வெட்டும் அத்தகைய சாலைகளுக்குச் சான்று. செஞ்சி வட்டாரத்தைப் பொறுத்தவரை, பழைய வழிகளைச் சுற்றியுள்ள தொல்லிடங்களிலிருந்து உய்த்துணர வேண்டியிருக்கிறது. நெகனூர்ப்பட்டியின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட திருநாதர்குன்று, சிங்கவரத்துக் குடைவரை, விழுப்புரம் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில், இன்றும் தமிழ்ச் சமணரின் மடம் இயங்கும் மேல்சித்தாமூர் ஆகியவை வரைபடத்தில் புள்ளிகளாக இடப்படும்போது, கி.பி. முதல் ஆயிரமாண்டிலேயே இப்பகுதியில் மக்கள் நடமாட்டம் அடர்ந்திருந்தது தெரிகிறது. எனினும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிட்டு அதையே பழைய சாலை என்று கொள்வது பொருந்தாது. துறவியர் பள்ளிகள் சாலையை விட்டு ஒதுங்கிய பாறைகளையே பெரும்பாலும் நாடின என்பதால், அவை வழியின் இருப்பைக் காட்டுமேயன்றி வழியின் தடத்தைக் காட்டா.

கோட்டையின் தோற்றத்தைக் கோன் மரபினரோடு தொடர்புபடுத்தும் மரபுச் செய்தி, கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்னும் தமிழ் நூலில் காணப்படுகிறது. பின்னர் விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் அதை ஒரு தலைநகராகவே வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, நகரின் பரப்பைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 1649இல் பீஜப்பூர் சுல்தானியமும் 1677இல் சிவாஜியும் செஞ்சியைக் கைப்பற்றினர். 1690 முதல் 1698 வரை சிவாஜியின் மகன் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயர் நடத்திய முற்றுகை, கோட்டையின் வலிமையை மட்டும் சொல்லும் நிகழ்ச்சியன்று. 1692ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து சுற்றுப்புற வழிகளை மறித்தபோது, முற்றுகையிட்ட முகலாயப் படைக்கே தானியம் வருவது நின்றுபோய், தளபதி சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. செஞ்சியைப் பிடிப்பதற்கு மதிலை உடைப்பதைக் காட்டிலும் வழிகளைத் தன் கையில் வைத்திருப்பது முக்கியம் என்பதை அந்த ஆண்டு இரு தரப்புக்கும் உணர்த்தியது.

கோட்டையின் வாயில்களே இந்த வழிகளின் பட்டியலாக அமைந்திருக்கின்றன. வடக்குப் பக்கத்து வாயில் வேலூர் வாயில் என்றும், ஆற்காட்டு வாயில் என்றும், கிழக்குப் பக்கத்து வாயில் புதுச்சேரி வாயில் என்றும் வழங்குகின்றன. பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் காலூன்றி, அந்தத் துறை வளர்ந்த பிறகே புதுச்சேரி வாயில் என்னும் பெயர் நிலைத்திருக்க வேண்டும். 1698க்குப் பிறகு முகலாய அதிகாரத்தின் இருக்கை செஞ்சியை விட்டு ஆற்காட்டுக்கு நகர்ந்த நிலையை ஆற்காட்டு வாயில் என்னும் பெயர் காட்டுகிறது. நான்கு வழிகளின் முடிவிடமாக இருந்த தலைநகரம், வேறிரு தலைநகரங்களுக்கு இடையிலான தங்குமிடமாக மாறிய வரலாறு இந்த இரு பெயர்களில் பதிந்திருக்கிறது.

புதுச்சேரி வழியின் பயன் 1750 செப்டம்பரில் வெளிப்பட்டது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடற்கரையிலிருந்து விரைந்து வந்து கோட்டையைப் பிடித்தார். அதன்பின் 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர் கைக்குச் செல்லும்வரை பிரெஞ்சுப் படையின் காவலில் செஞ்சி இருந்த காலத்தில், இதே சாலை எதிர்த்திசையில் சுமை ஏற்றிச் சென்றது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை எனக் கருதப்படுகின்றன. செதுக்கு வேலை நிறைந்த, ஆளுயரத்தைப் பலமடங்கு விஞ்சிய அத்தூண்களை 70 கிலோமீட்டர் தொலைவுக்கு இழுத்துச் செல்லத் தக்க வண்டிப்பாதை அன்று இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

படைவரைவாளர் முதல் அளவைப் பள்ளி மாணவர் வரை

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் செஞ்சியை வரைந்த விதம் இருவகைப்பட்டது. பாரிஸ் நகரில் அமர்ந்தபடியே பயணக் குறிப்புகளையும் படைத்தளக் கடிதங்களையும் ஒப்புநோக்கி வரைந்த தான்வில், 1752இல் இந்திய வரைபடத்தையும் 1753இல் சோழமண்டலக் கரையின் வரைபடத்தையும் வெளியிட்டார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. மறுபுறம், பிரெஞ்சுப் படைப் பொறியாளர்கள் கோட்டையை நேரில் அளந்து, மதில், அகழி, கொத்தளம் ஆகியவற்றை நுணுக்கமாகக் குறித்த திட்டப்படங்களை உருவாக்கினர். முதல்வகைப் படத்தில் செஞ்சி பல ஊர்களுக்கிடையே ஒரு பெயர். இரண்டாம்வகைப் படத்தில் அது மதில்களின் கணக்கு. இரண்டிலுமே உழவர் வண்டிகள் சென்ற கிராமப் பாதைகளுக்கு இடம் குறைவு, ஏனெனில் அவை அந்தப் படங்களின் நோக்கத்துக்குள் வரவில்லை.

அளவையாளரை உள்நாட்டிலேயே பயிற்றுவிக்கும் எண்ணம் கும்பினியாரின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் வழியாக உருப்பெற்று, 1794இல் சென்னைக் கோட்டையருகே அளவைப் பள்ளி எட்டு மாணவரோடு தொடங்கியது. ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்களே முதல் மாணவர். சங்கிலி பிடிக்கவும், திசைக்கோணம் எடுக்கவும், எடுத்ததைத் தாளில் இடவும் கற்ற அவர்கள் பின்னர் கும்பினியின் அளவைப் பணிகளுக்கு உதவியாளராகச் சென்றனர். அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாகி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இருக்கிறது. தமிழகத்தில் நிலத்தையும் சாலையையும் அளக்கும் கல்வி, ஆய்வாளரின் நூலகத்திலிருந்து தொடங்காமல் அரசின் வேலைக்கு ஆள் தயாரிக்கும் பள்ளியிலிருந்து தொடங்கியது என்பது அதன் பிற்கால இயல்பையும் பெருமளவு தீர்மானித்தது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால், குன்றிலிருந்து குன்றுக்குப் பார்வை செலுத்தியே நாட்டை அளக்க முடிந்தது. கருங்குழி முதலிய குன்றுகள் வழியாக அந்த முக்கோணங்கள் தென்னார்க்காட்டுக் கரையோரமாகக் கடலூர்ப் பக்கம் இறங்கின. வழிகாட்டிகளின் நடைநேரத்தைக் கேட்டுத் தொலைவை மதிப்பிட்ட காலம் இதோடு முடிவுக்கு வந்தது.

இதைவிடச் செஞ்சி வட்டத்து மக்களின் வாழ்வை நெருங்கித் தொட்டது, 1858இல் தொடங்கிய சென்னை மாகாண வருவாய் அளவை. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட குண்டர் சங்கிலியால் ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு, சர்வே கல் நடப்பட்டு, எண் இடப்பட்டது. கிராம வரைபடம் என்றும் புலப்படம் என்றும் இன்றைக்கும் வட்டாட்சியர் அலுவலகங்களில் கேட்டுப் பெறப்படும் ஆவணங்கள் அந்த அளவையின் வழிவந்தவையே. பட்டா நிலத்துக்கு வரி உண்டு, பொதுப் பயனில் உள்ள நிலத்துக்கு வரி இல்லை என்பதால், வண்டிப்பாதை, நடைபாதை, ஓடை, ஏரி, மந்தைவெளி எல்லாம் புறம்போக்கு எனத் தனித்தனியே பதியப்பட்டன. படைவரைவாளர் விட்டுவிட்ட கிராமப் பாதைகள், வரி கணக்கிடும் தேவையால் முதன்முறையாகப் பெருமளவில் வரைபடத்துக்குள் வந்தன. அதே வேளையில், பட்டா நிலத்தின் வரப்புவழியே காலங்காலமாக நடந்த ஒற்றையடிப் பாதைகளும், ஏரிக்கரைமீது சென்ற வண்டித் தடங்களும் தனிப் பாதையாகக் கணக்கில் ஏறவில்லை.

ரயில் விலகிச் சென்ற ஊர்

19ஆம் நூற்றாண்டில் செஞ்சியின் வழிகளை மாற்றியவை இரண்டு. 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் நீக்கப்பட்டபோது, சாவடிகளைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுவழியில் சென்ற வணிகர் நேர்வழிக்குத் திரும்ப இடமுண்டாயிற்று. இரண்டாவது மாற்றம் இருப்புப்பாதை. 1870களில் சென்னையிலிருந்து தெற்கே சென்ற தென்னிந்திய ரயில்வேயின் பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போயிற்று. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது. பின்னர் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதையும் அமைந்தது. இவ்வாறு செஞ்சியைச் சூழ்ந்த திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய மூன்று ஊர்களுக்கும் ரயில் வந்தது. மூன்றுக்கும் நடுவிலிருந்த செஞ்சிக்கு வரவில்லை.

இந்த விடுபாட்டுக்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கரையோரத் துறைகளையும் காவிரிப் படுகையின் நெல்லையும் சென்னையோடு இணைப்பதே அந்தப் பாதையின் முதல் நோக்கம். பாறைக்குன்றுகளுக்கு இடையே புகுந்து மேற்கே ஏறும் வழி அந்த நோக்கத்துக்குத் தேவைப்படவில்லை. ஆனால் விளைவு பெரிது. செஞ்சி வட்டத்து நெல்லும் மணிலாக்கொட்டையும் வண்டியில் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ சென்று ரயிலேற வேண்டியதாயிற்று. மேற்கு–கிழக்காக ஓடிய பழைய வழியின் சரக்கு, வடக்கு–தெற்காக ஓடிய இருப்புப்பாதைக்குத் தீனியாக மாறியது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்தில் புதிய ரயில் பாதை அமைக்க 2006–07இல் ஒப்புதல் கிடைத்தும், அந்தத் திட்டம் நீண்ட காலமாக முடிவடையாமலே இருந்துவருகிறது.

ரயில் இல்லாத குறையைப் பேருந்து ஈடுசெய்தது. சென்னையிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் திண்டிவனத்தில் திரும்பிச் செஞ்சி வழியாகச் செல்வதால், இன்று தேசிய நெடுஞ்சாலை 77 என்று எண்ணிடப்பட்டுள்ள இந்தச் சாலை, பழைய கடற்கரை–கணவாய் வழியின் வாரிசாகவே நிற்கிறது. அந்தச் சாலை கோட்டைப் பரப்பின் ஊடாக, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே செல்வதால், பேருந்தில் போகிறவர் இறங்காமலேயே கோட்டையைக் கடந்துவிடுகிறார்.

ஆய்வு மாணவரின் கருவிகள்

சாலையும் ஊரும் எவ்வாறு ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்னும் கேள்வியைக் கணக்கின் துணையோடு ஆராயும் முறை, 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வலுப்பெற்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகள் பெருமளவில் கட்டப்பட இருந்த வேளையில், வில்லியம் காரிசன் என்னும் புவியியலாளர் தம் முனைவர் பட்ட மாணவர்களைக் கொண்டு, ஒரு சாலை திறக்கப்பட்டால் நிலமதிப்பும் கடைத்தெருவும் மருத்துவரிடம் செல்லும் பயணமும் எப்படி மாறும் என்று ஆராய்ந்தார். பிரையன் பெர்ரி, டுவேன் மார்பிள், ஜான் நிஸ்துவன், ரிச்சர்ட் மாரில் ஆகிய மாணவரோடு அவர் 1959இல் வெளியிட்ட நூல், போக்குவரத்துப் புவியியலின் அடித்தள நூல்களுள் ஒன்று. அதே குழுவில் பயின்ற வால்டோ டாப்ளர், நிலத்தின் சரிவுக்கும் மனிதரின் நடைவேகத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சமன்பாடாக 1993இல் வெளியிட்டார். தட்டையான நிலத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டரும், சற்றே இறங்கும் சரிவில் 6 கிலோமீட்டரும் என்று அது வேகத்தைக் கணிக்கிறது. 1960களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கெடுக்க ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய அமைப்பே முதல் புவியியல் தகவல் அமைப்பாகக் கருதப்படுகிறது.

தமிழகத்தில் இத்துறை வேரூன்ற இரண்டு நிறுவனங்கள் வழிசெய்தன. அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் தொடங்கிய தொலையுணர்வு மையம், செயற்கைக்கோள் படங்களைப் படித்துப் பயன்படுத்தும் பயிற்சியைப் பொறியியல் மாணவர்க்கு அளித்தது, 1988இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகு இந்தியப் படங்களே கிடைத்தன. செஞ்சியிலிருந்து இரண்டு மணிநேரப் பயணத் தொலைவுக்குள் உள்ள புதுச்சேரியில், 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கிராமங்களின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை ஒவ்வொரு கிராமத்தின் இடக்குறிப்போடும் இணைக்கும் பெரும் பணியை 1990களின் பிற்பகுதியில் மேற்கொண்டது. அத்தரவை ஆதாரமாகக் கொண்டு செபாஸ்தியன் ஒலிவோ என்னும் ஆய்வு மாணவர், கிராமத்தின் நவீனமாக்கத்துக்கும் நகரத்திலிருந்து அதன் தொலைவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2004இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இந்தக் கணினி மரபுக்கு இணையாக, ஆவணத்தையும் நேரடிக் கள ஆய்வையும் நம்பிய இன்னொரு மரபும் அதே புதுச்சேரியில் செழித்தது. தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்த ழான் தெலோஷ், நீராவி ரயிலுக்கு முந்தைய இந்தியாவின் தரைவழி, நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளை 1980இல் பிரெஞ்சில் வெளியிட்டார். பொதியெருது எங்கே சென்றது, வண்டி எங்கே நின்றது, ஆற்றைக் கடக்கப் பாலமா பரிசலா என்று வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்த அவரே, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் திட்டப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு செஞ்சியின் மதில்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்தறிந்து 2005இல் தனி நூலாக வெளியிட்டார். சி. எஸ். சீனிவாசாசாரி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்ட செஞ்சி வரலாறு ஆட்சியாளரை முன்னிறுத்தியது என்றால், தெலோஷின் நூல் கட்டடத்தையும் நீர்வழங்கலையும் நிலப்பரப்பையும் முன்னிறுத்தியது.

அடுக்குகள் ஒட்டாத இடங்கள்

செஞ்சியைப் பற்றிய பழைய படத்தைக் கணினியில் ஏற்றும் மாணவர் முதலில் செய்ய வேண்டிய வேலை புவியிடப் பொருத்தம்; அதாவது படத்தில் உள்ள ஓர் அடையாளத்தையும் நிலத்தில் அதே அடையாளத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் இணைத்து, பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் சரியாக அமர்த்துவது. இதில் மறைந்துள்ள ஒரு சிக்கல், பூமியின் வடிவத்தைப் பற்றியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் எனப்படும் 1830ஆம் ஆண்டுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, கைப்பேசியின் ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு கணக்கைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்தாமல் விட்டால், செஞ்சிப் பகுதியில் ஓர் இடம் ஏறத்தாழ 200 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. தொல்லியல் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை புதுக் கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டர்வரை கட்டுப்படுத்துகிறது. ஆகவே கணினியில் கவனிக்காமல் விட்ட ஒரு திருத்தம், தடைப்பட்ட நிலத்தை அனுமதிக்கப்பட்ட நிலமாகவும், அனுமதிக்கப்பட்ட நிலத்தைத் தடைப்பட்டதாகவும் காட்டிவிடக்கூடும். நெடுஞ்சாலையே கோட்டையின் ஊடாகச் செல்லும் ஊரில் இது வெறும் ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடாது.

நில அளவைத் துறையின் அந்த நிலவரைபடங்களைப் பெறுவதே முன்பு எளிதாக இல்லை. கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்குள் வரும் பகுதிகளின் விரிவான நிலவரைபடங்கள் பாதுகாப்புக் காரணத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன; கடலிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள செஞ்சி அந்தப் பட்டைக்குள் அடங்கியது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயனுக்கென்று தனி வரிசைப் படங்களை அறிமுகப்படுத்தியது. 2021இல் வெளியான வழிகாட்டு நெறிகள் புவியிடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் இருந்த தடைகளைப் பெருமளவு தளர்த்தின. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுமக்கள் வரைபடமும், கட்டணமில்லா மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸும் சேர்ந்து, சிறுநகரக் கல்லூரி மாணவருக்கும் இந்தத் துறையின் கதவைத் திறந்துவிட்டன.

இரண்டாவது சிக்கல் அளவின் நுணுக்கம். பழைய வழி எங்கே சென்றிருக்கலாம் என்பதைக் கணிக்கக் குறைந்த செலவுப் பாதை என்னும் முறை கையாளப்படுகிறது. நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க ஆகும் முயற்சியைச் சரிவிலிருந்து கணக்கிட்டு, மொத்த முயற்சி மிகக் குறைவாக உள்ள தடத்தைக் கணினி தேடித் தருகிறது. இதற்குப் பெரும்பாலும் பயன்படும் உயரத் தரவு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் வழியே திரட்டப்பட்டு, 30 மீட்டர் கட்டங்களாக வழங்கப்படுவது. ராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட ஒரு பிளவு இருக்கிறது. அதன்மேல் போடப்பட்ட மரப்பாலத்தை இழுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே ஏற முடியாது. 24 அடி என்பது ஏறத்தாழ 7 மீட்டர். 30 மீட்டர்க் கட்டம் ஒன்றுக்குள் அந்தப் பிளவு முழுவதும் கரைந்து, கணினியின் பார்வையில் ராஜகிரி எளிதில் ஏறத்தக்க சரிவாகிவிடுகிறது. முற்றுகைகளின் போக்கையே தீர்மானித்த ஓர் இடத்தைக் காணாத தரவைக்கொண்டு முற்றுகையை விளக்க முடியாது.

மூன்றாவது, சமன்பாட்டின் பொருத்தம். டாப்ளரின் சமன்பாடு மனிதர் நடைக்கு உரியது. நெல் ஏற்றிய மாட்டுவண்டிக்குச் சரிவைவிடச் சேறே பெரிய தடை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சங்கராபரணியும் அதில் கலக்கும் ஓடைகளும் பெருகும்போது, தாழ்ந்த நேர்வழியை விட்டு ஏரிக்கரை மேட்டைப் பிடித்துச் செல்வதே வண்டியோட்டியின் வழக்கம். ஏரிக்கரைகளையும் வண்டிப்பாதைப் புறம்போக்குகளையும் கிராம வரைபடத்திலிருந்து தனி அடுக்காக எடுத்துச் சேர்த்தால்தான் கணிப்பு உண்மையை நெருங்கும். வரி வாங்க வரைந்த படம் அவ்வகையில், அதை வரைந்தவர் எண்ணியிராத ஒரு பயனை இன்றைய ஆய்வாளருக்குத் தருகிறது.

நாளுக்கு நாள் மாறும் சாலை

பழைய வழியைப் பற்றிய கேள்விகளைப் போலவே இன்றைய சாலையைப் பற்றிய கேள்விகளும் செஞ்சியில் தனித்தன்மை உடையவை. போக்குவரத்துப் பொறியியல் மாணவர் பொதுவாகச் செய்வது வலையமைப்புப் பகுப்பாய்வு. சந்திப்புகளைக் கணுக்களாகவும் சாலைத் துண்டுகளை இணைப்புகளாகவும் கொண்டு, ஒரு கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கோ செல்லும் மிகக் குறுகிய வழியையும் நேரத்தையும் கண்டறிவது இது. டச்சுக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட தேடல் முறை இதற்கு அடிப்படை. விபத்து மிகுந்த இடங்களைக் கண்டறிவதும், பேருந்துத் தடங்களை ஒழுங்குபடுத்துவதும் இதே முறையின் விரிவுகள்.

இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு சராசரி நாளின் வண்டி எண்ணிக்கையை எடுத்துக்கொள்கின்றன. செஞ்சியிலோ நிலவின் போக்கைப் பொறுத்துச் சாலையின் சுமை மாறுகிறது. பௌர்ணமி தோறும் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குச் சென்னையிலிருந்து செல்லும் கூட்டம் இவ்வூர் வழியாகக் கடக்கிறது. அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் இதே சாலைகளில் ஓடுகின்றன. அறுவடைக் காலத்தில் விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டையோடு வரும் டிராக்டர்களின் வரிசை இவற்றோடு சேர்கிறது. வார நாளொன்றில் எடுத்த கணக்கை வைத்து இவ்வூரின் சாலை அகலத்தையோ சுற்றுச்சாலையின் தேவையையோ முடிவுசெய்தால், சாலை உண்மையில் திணறும் நாட்கள் அந்த முடிவுக்கு வெளியே நின்றுவிடும்.

எல்லைகளின் மாற்றமும் கணக்கை வழிதவறச் செய்யும். தென்னார்க்காடு 1993இல் விழுப்புரம், கடலூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. செஞ்சி வட்டத்திலிருந்து மேல்மலையனூர் தனி வட்டமாயிற்று. இரண்டு கணக்கெடுப்புகளின் வட்ட அளவு எண்களை எல்லை பார்க்காமல் ஒப்பிடுபவர், மக்கள் இடம்பெயராமலேயே மக்கள்தொகை குறைந்ததாக முடிவு கட்டிவிடுவார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு மராட்டியர் படையரண் நிலப்பரப்புகள் என்னும் தொகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது; அதிலுள்ள 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. இதனால் வருகையாளர் பெருகுவர். நெடுஞ்சாலை விரிவு, நிலுவையிலுள்ள ரயில் பாதை, வாகன நிறுத்தம், மதில் பாதுகாப்பு ஆகியவற்றை ஒருங்கே பார்த்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் வரும். அந்த முடிவுகளுக்கு அடிப்படையாகும் படத்தை வரையப்போகிறவர்கள், 1794இன் எட்டு மாணவருடைய கல்வி வழியில் வந்த இன்றைய ஆய்வு மாணவர்களே. அவர்களது படத்தின் ஒவ்வொரு அடுக்கோடும் அது எப்போது, யாரால், எதற்காக, எவ்வளவு நுணுக்கத்தோடு எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இணைந்திருக்க வேண்டும் என்பது துறையில் ஏற்கப்பட்ட நெறிதான். செஞ்சியில் அதைக் கைவிட்டால், தான்வில் படத்துப் பெயரும், படைப் பொறியாளரின் மதிலும், கிராமக் கணக்கரான கர்ணம் காட்டிய வண்டிப்பாதையும், விண்ணோடத்தின் கட்டமும் ஒரே தரத்துச் சான்றாகத் திரையில் தோன்றும். அவற்றை ஒரே தரத்தவையாக நம்பி எடுக்கும் முடிவின் சுமையைச் சாலையோரத்து நிலக்காரரும் கோட்டை மதிலும் தாங்க வேண்டியிருக்கும்.